கையுறை யாரைக் காக்கிறது?



கொள்ளிடத்தின் வடகரையில் இருக்கும் திருமழபாடிக்குப் பங்குனி மாதத்தில் எத்தனை கூட்டம் வருகிறது என்பது உங்களுக்குத் தெரியும். நந்தி கல்யாணம் பார்த்தால் முந்திக் கல்யாணம் என்று சொல்லி, பெண்ணையும் பிள்ளையையும் அழைத்துக்கொண்டு சுற்றுப்பட்டு ஊர்க்காரர்கள் எல்லாரும் வருகிறார்கள். அந்த ஊரில் கோயில் கொண்டிருக்கும் சுவாமிக்கு வைத்தியநாதர் என்று பெயர்.

கல்யாணம் முடிந்த வீட்டுக்கு வைத்தியத்தின் தேவையும் சீக்கிரமே வந்துவிடுகிறது. கர்ப்பப் பரிசோதனை, பிரசவம், குழந்தைக்குத் தடுப்பூசி, பிறகு லூப் அல்லது கருத்தடை ஆபரேஷன் என்று ஒன்றன்பின் ஒன்றாக ஆஸ்பத்திரிப் படி ஏற வேண்டியிருக்கிறது. அங்கே நர்ஸம்மா கையில் உறை மாட்டி, வாயையும் மூக்கையும் மூடி, தலைக்குத் தொப்பி வைத்து, கழுத்திலிருந்து முழங்கால் வரை ஏப்ரன் கட்டிக்கொண்டு வருகிறார். புதிதாகப் பார்க்கும் பெண்ணுக்கு மனசு திக்கென்கிறது. அந்த உடைகளைப் பற்றித்தான் இந்தப் பிரசுரத்தில் சொல்லப்போகிறோம்.

இது அருவருப்பு அல்ல, தீட்டும் அல்ல

கிராமங்களில் கூட்டம் போட்டுப் பேசும்போது தாய்மார்கள் அடிக்கடி சொல்லும் குறை ஒன்று உண்டு. "நம்மளத் தொடறதுக்கு அருவருப்புப் பட்டுக்கிட்டுதானே உறை போட்டுக்கிறாங்க? எங்க அப்பாயி காலத்துல மருத்துவச்சி வெறுங்கையாலதானே பிள்ளைய எடுத்தா?" என்பார்கள். பிரசவத்தைத் தீட்டு என்று ஒதுக்கி வைக்கும் பழக்கம் பல வீடுகளில் இன்னும் இருக்கிறது. சாதி பார்த்துத் தள்ளி நிற்கும் வழக்கமும் நம் ஊர்களில் இருந்தது. அந்தக் காயம் மனசில் இருக்கும்போது, உறை போட்ட கையைப் பார்த்தால் இப்படித் தோன்றுவது இயற்கையே.

ஆனால் விஷயம் அதுவல்ல. கரும்பு வெட்டப் போகும்போது நீங்கள் முழுக்கைச் சட்டை போட்டு, தலையில் துண்டு கட்டிக்கொண்டு போகிறீர்கள். சோகை அறுக்கும் என்பதற்காகத்தான் அப்படிச் செய்கிறீர்கள். கரும்பின் மேல் உங்களுக்கு அருவருப்பா? இல்லையே! சிமெண்டு ஆலையில் வேலை செய்பவர் மூக்கைக் கட்டிக்கொள்வதும் அப்படித்தான். ஆஸ்பத்திரி உடையும் இந்த வகைதான். ஆனால் இதில் ஒரு வித்தியாசம் உண்டு. முழுக்கைச் சட்டை போடுகிறவரை மட்டும் காக்கும். கையுறையோ போட்டவரையும் காக்கிறது, தொடப்படுகிறவரையும் காக்கிறது. இதைத் தெரிந்துகொண்டால் பாதி பயம் போய்விடும்.

கிருமி எந்த வழியாக வருகிறது?

நம் தோல் நல்ல வேலி. அதில் கீறல் இல்லாதவரை பெரும்பாலான கிருமிகள் உள்ளே நுழைய முடியாது. ஆனால் பிரசவ நேரத்தில் அந்த வேலி திறந்துவிடுகிறது. நஞ்சு பிரிந்த இடம் கருப்பைக்குள் பச்சைப் புண்ணாக இருக்கிறது. பிறப்புறுப்பில் கிழிசலோ தையலோ இருக்கலாம். குழந்தைக்கு வெட்டிய தொப்புள்கொடியும் ஒரு திறந்த வாசல்தான். அந்த நேரத்தில் அழுக்கான கை, அழுக்கான பிளேடு, அழுக்கான துணி எது பட்டாலும் கிருமி உள்ளே போய்விடும். தாய்க்குப் பிரசவ ஜன்னி வருவதும், குழந்தைக்கு ரணஜன்னி என்னும் டெட்டனஸ் வருவதும் இப்படித்தான்.

அதே சமயம் எதிர்ப்பக்கத்திலும் ஆபத்து இருக்கிறது. பிரசவத்தில் ரத்தமும் பனிக்குட நீரும் பீறிட்டு வரும். பிரசவம் பார்க்கும் நர்ஸின் விரலில் ஒரு சின்னக் கீறல் இருந்தால் போதும். தாயின் ரத்தத்தில் மஞ்சள் காமாலை பி கிருமியோ எச்.ஐ.வி. கிருமியோ இருந்தால் அது நர்ஸுக்கு ஏறலாம். கண்ணில் தெறித்தாலும் ஏறலாம். அடுத்த கட்டிலில் படுத்திருக்கும் பெண்ணுக்கும் அதே கையோடு போய்ச் சேரலாம். ஆகவே தாய், குழந்தை, நர்ஸ், அடுத்த நோயாளி ஆகிய நான்கு பேருக்கும் நடுவில் நிற்கும் வேலிதான் கையுறை.

உலகம் இதை எப்படிக் கற்றுக்கொண்டது?

ஐரோப்பாவில் வியன்னா நகரத்தின் பெரிய ஆஸ்பத்திரியில் 1840களில் இரண்டு பிரசவ வார்டுகள் இருந்தன. ஒன்றில் மருத்துவச்சிகள் பிரசவம் பார்த்தார்கள். இன்னொன்றில் டாக்டர்களும் மருத்துவ மாணவர்களும் பார்த்தார்கள். படித்தவர்கள் பார்த்த வார்டில்தான் பிரசவ ஜன்னியால் அதிகமான தாய்மார்கள் இறந்தார்கள். அந்த வார்டில் சேர்க்காதீர்கள் என்று கர்ப்பிணிகள் கெஞ்சினார்களாம்.

காரணம் என்ன என்று அங்கே வேலை பார்த்த செம்மல்வைஸ் என்ற டாக்டர் யோசித்தார். டாக்டர்களும் மாணவர்களும் காலையில் பிணத்தை அறுத்துப் படித்துவிட்டு, அந்தக் கையோடு வந்து பிரசவம் பார்த்தார்கள். அதுதான் வினை என்று அவர் கண்டார். 1847 மே மாதம் முதல், வார்டுக்குள் நுழையும் ஒவ்வொருவரும் குளோரின் சுண்ணாம்புக் கரைசலில் கை கழுவ வேண்டும் என்று கட்டளை போட்டார். அந்தச் சுண்ணாம்பு வேறொன்றும் இல்லை. நம் ஊர்க் குடிநீர்த் தொட்டியிலும் கிணற்றிலும் போடுகிறோமே, அதே பிளீச்சிங் பவுடர்தான். ஏப்ரலில் அந்த வார்டில் நூறு பிரசவத்துக்குப் பதினெட்டுத் தாய்மார்கள் இறந்திருந்தார்கள். ஜூலையில் அது நூற்றுக்கு ஒன்று என்ற அளவுக்கு இறங்கியது. மருந்து மாறவில்லை, டாக்டர் மாறவில்லை. கை சுத்தமானது, அவ்வளவுதான்.

கையுறையின் கதை இன்னும் சுவையானது. 1889ஆம் ஆண்டு வாக்கில் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆஸ்பத்திரியில் கரோலின் ஹாம்ப்டன் என்ற நர்ஸ் ஆபரேஷன் அறையில் வேலை பார்த்தார். அப்போதெல்லாம் கிருமி நீங்குவதற்காகக் கையைக் காரமான மருந்தில் முக்குவார்கள். அந்த மருந்து அவருக்கு ஒத்துக்கொள்ளாமல் கையெல்லாம் புண்ணாகிவிட்டது. அங்கே தலைமை சர்ஜனாக இருந்த டாக்டர் ஹால்ஸ்டெட், குட்இயர் ரப்பர் கம்பெனியிடம் சொல்லி மெல்லிய ரப்பர் கையுறை செய்து கொடுத்தார். 1890இல் அவரையே கல்யாணமும் செய்துகொண்டார்.

நர்ஸின் கையைக் காக்க வந்த அந்த உறையை மற்றவர்களும் போட ஆரம்பித்தார்கள். சில ஆண்டுகள் கழித்துக் கணக்குப் பார்த்தபோது, கையுறை போட்டுச் செய்த ஆபரேஷன்களில் புண் சீழ்பிடிப்பது வெகுவாகக் குறைந்திருந்தது. ஒருவர் கைக்காகச் செய்த உறை எதிரில் படுத்திருந்தவரையும் காத்திருக்கிறது!

சென்னையில் 1986இல்

நம் நாட்டில் எச்.ஐ.வி. கிருமி இருக்கிறது என்பது முதன்முதலில் தெரியவந்தது நம் தமிழ்நாட்டில்தான். 1986ஆம் ஆண்டு சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமனும், அவரிடம் படித்துக்கொண்டிருந்த டாக்டர் நிர்மலாவும் ரத்த மாதிரிகளைச் சேகரித்தார்கள். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் அவற்றைச் சோதித்துப் பார்த்தபோது கிருமி இருப்பது உறுதியானது.

அதற்குப் பிறகு ஒரு பெரிய உண்மை எல்லாருக்கும் விளங்கியது. முகத்தைப் பார்த்து யாருக்குக் கிருமி இருக்கிறது, யாருக்கு இல்லை என்று சொல்ல முடியாது. கிருமி உள்ளவர் பல ஆண்டுகள் திடகாத்திரமாக இருப்பார். ஆகவே இன்னாருக்குக் கையுறை, இன்னாருக்கு வெறுங்கை என்று பிரிப்பது தப்பு. பண்ணையார் வீட்டுப் பெண்ணானாலும், கூலிக்காரர் வீட்டுப் பெண்ணானாலும், கலெக்டர் மனைவியானாலும், ரத்தம் படும் வேலை என்றால் கையுறை போட்டே தீர வேண்டும். இதுதான் இன்று உலகம் முழுவதும் உள்ள விதி.

உங்களைத் தொடும்போது கையுறை போட்டார்கள் என்றால் உங்களுக்கு நோய் இருக்கிறது என்று அர்த்தமில்லை. எல்லாரையும் ஒன்றாக நடத்துகிறார்கள் என்றுதான் அர்த்தம்.

எந்த உடை எதற்கு?

கையுறை: இதில் இரண்டு வகை உண்டு. பெட்டியிலிருந்து எடுத்துப் போடுவது சாதாரணப் பரிசோதனைக் கையுறை. காகித உறையில் ஜோடி ஜோடியாக ஒட்டி வருவது கிருமி நீக்கிய கையுறை. பிரசவத்துக்கும் ஆபரேஷனுக்கும் இந்த இரண்டாவது வகைதான் வேண்டும். குழந்தையைத் துடைத்துத் தாயின் வயிற்றில் போட்டபின், தொப்புள்கொடியை வெட்டும்போது கை மறுபடியும் சுத்தமாக இருக்க வேண்டும். அதற்காகச் சிலர் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு ஜோடி போட்டு, அழுக்கான மேல் ஜோடியைக் கழற்றிவிட்டுக் கொடியைத் தொடுவார்கள்.

ஏப்ரன்: துணிக் கவுன் மட்டும் இருந்தால் ரத்தமும் பனிக்குட நீரும் ஊறி உடம்பில் பட்டுவிடும். அதனால்தான் தண்ணீர் இறங்காத பிளாஸ்டிக் அல்லது ரப்பர் ஏப்ரனைக் கட்டுகிறார்கள்.

முகக்கவசம்: பேசும்போதும் இருமும்போதும் தும்மும்போதும் எச்சில் துளிகள் பறக்கின்றன. அவை தாயின் புண்ணிலோ குழந்தையின் முகத்திலோ விழாமல் இது தடுக்கிறது. தெறிக்கும் ரத்தம் நர்ஸின் வாயில் படாமலும் தடுக்கிறது. மூக்கும் வாயும் இரண்டும் மூடியிருக்க வேண்டும். தாடைக்குக் கீழே தொங்கும் முகக்கவசத்தால் யாருக்கும் பிரயோஜனம் இல்லை. ஈரமானால் மாற்றிவிட வேண்டும்.

தொப்பி: தலைமுடியும் பொடுகும் புண்ணில் உதிராமல் இருக்க.

கண்ணாடி: பனிக்குடம் உடையும்போது நீர் தெறிக்கும். கண் வழியாகவும் கிருமி ஏறும் என்று முன்பே சொன்னோம்.

மூடிய செருப்பு: தரையில் சிந்திய ரத்தமும், தவறி விழுந்த ஊசியும் காலில் படாமல் இருக்க.

இவை எல்லாம் எல்லா வேலைக்கும் தேவையில்லை. ரத்த அழுத்தம் பார்க்கவும், எடை பார்க்கவும், வயிற்றைத் தடவிப் பார்க்கவும் சுத்தமாகக் கழுவிய கை போதும். தடுப்பூசி போடும்போது நர்ஸம்மா கையுறை போடவில்லையே என்று பயப்பட வேண்டாம். அங்கே நீங்கள் பார்க்க வேண்டியது வேறு. சிரிஞ்சு உங்கள் கண்முன் புதிதாகப் பிரிக்கப்பட்டதா? கை கழுவினாரா? இந்த இரண்டும் இருந்தால் சரி.

உறை இருந்தாலும் கை கழுவ வேண்டும்

இது மிக முக்கியமான விஷயம். கையுறை போட்டுவிட்டால் கை கழுவ வேண்டாம் என்று நினைப்பது தவறு. கண்ணுக்குத் தெரியாத பொத்தல் கையுறையில் இருக்கலாம். உள்ளே கை வியர்த்து, அந்த வெதுவெதுப்பில் கிருமிகள் பெருகும். கழற்றும்போது வெளிப்பக்க அழுக்கு விரலில் படலாம். ஆகவே போடுவதற்கு முன்னும் கழுவ வேண்டும், கழற்றிய பின்னும் கழுவ வேண்டும். சோப்புப் போட்டு, உள்ளங்கை, புறங்கை, விரல் இடுக்கு, கட்டைவிரல், நகக்கண், மணிக்கட்டு எல்லாம் தேய்த்துக் கழுவ நாற்பது முதல் அறுபது நொடி ஆகும். வளையல், மோதிரம், நீள நகம், நகப்பூச்சு எதுவும் இருக்கக் கூடாது.

கையுறை போட்ட கையால் செல்போனை எடுப்பது, கதவைத் திறப்பது, நோட்டுப் புத்தகத்தில் எழுதுவது, பிறகு அதே கையால் தாயைத் தொடுவது, இவை எல்லாம் கையுறை போடாததற்குச் சமம். ஒருவரைத் தொட்ட கையுறையோடு இன்னொருவரைத் தொடுவது அதைவிட மோசம். அப்படிச் செய்தால் கையுறையே கிருமியைச் சுமக்கும் வண்டியாகிவிடும்.

கழற்றுவதிலும் முறை உண்டு

வயலிலிருந்து வந்தவர் சேற்றுக்காலோடு சமையல் அறைக்குள் போவாரா? வாசலிலேயே காலைக் கழுவிவிட்டுத்தான் வருவார். ஆஸ்பத்திரி உடைக்கும் அதே நியாயம்தான். அதன் வெளிப்பக்கம் சேறு, உள்பக்கம் வீடு. அதிக அழுக்கான கையுறையை முதலில், உள்பக்கம் வெளியே வரும்படி உரித்துக் கழற்ற வேண்டும். அப்புறம் கண்ணாடி, பிறகு ஏப்ரன், கடைசியாகக் காதுப் பக்கத்து நாடாவைப் பிடித்து முகக்கவசம். பிறகு கை கழுவ வேண்டும். முகக்கவசத்தின் முன்பக்கத்தைத் தொடக் கூடாது.

நான் வேலையில் சேர்ந்த காலத்தில், ரப்பர் கையுறைகளைக் கழுவி, காயப்போட்டு, பவுடர் தடவி, நீராவியில் வேகவைத்துத் திரும்பவும் போடுவார்கள். ஆஸ்பத்திரிக் கொடியில் கையுறைகள் வரிசையாகத் தொங்கியது உங்களில் மூத்தவர்களுக்கு ஞாபகம் இருக்கலாம். இப்போது ஒருமுறை போட்டதை மறுமுறை போடுவதில்லை. 2016ஆம் ஆண்டு வந்த மருத்துவக் கழிவு விதிகளின்படி கையுறை சிவப்பு வாளிக்கும், ரத்தம் பட்ட பஞ்சும் நஞ்சும் மஞ்சள் வாளிக்கும், ஊசி குத்திக் கிழிக்காத வெள்ளை டப்பாவுக்கும் போக வேண்டும்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். தூக்கி எறிந்த கையுறையைப் பிள்ளைகள் எடுத்து ஊதிப் பலூன் விளையாடுவதைப் பார்த்திருப்பீர்கள். கண்டிப்பாகத் தடுங்கள். அதை எங்கேயாவது கிடக்கப் பார்த்தால் வெறுங்கையால் தொடாமல் சுகாதாரப் பணியாளரிடம் சொல்லுங்கள்.

முழு உடை தேவைப்பட்ட நாட்கள்

2018 மே மாதம் கேரளத்தில் கோழிக்கோடு பக்கத்தில் நிபா என்ற காய்ச்சல் பரவியது. பேராம்பிரா தாலுகா ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்த லினி என்ற இளம் தாய், என்ன நோய் என்று யாருக்கும் தெரியாத நேரத்தில் ஒரு நோயாளியைக் கவனித்தார். அதே காய்ச்சல் அவருக்கும் வந்து மே 21ஆம் தேதி இறந்துபோனார். கணவரையும் இரண்டு சிறு குழந்தைகளையும் விட்டுச் சென்றார். நோயாளியைப் பார்ப்பவருக்குப் பாதுகாப்பு எவ்வளவு அவசியம் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா? நர்ஸம்மாவும் ஒரு வீட்டின் பெண்தான். அவருக்கும் பள்ளிக்கூடம் போகும் பிள்ளை இருக்கும்.

2020இல் கொரோனா வந்தபோது தலை முதல் கால் வரை மூடும் உடைகள் தேவைப்பட்டன. அதுவரை அவற்றைப் பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து வாங்கிக்கொண்டிருந்தோம். சில மாதங்களில் நம் நாட்டிலேயே லட்சக்கணக்கில் தைக்க ஆரம்பித்தார்கள். பனியன் தைத்த திருப்பூர்த் தையல் மிஷின்களிலும் இந்த உடைகள் தைக்கப்பட்டன. கோவையில் உள்ள தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிச் சங்கமான சிட்ராவில், ரத்தம் போலச் செய்த திரவத்தைத் துணியின் மேல் அழுத்தி, உள்ளே ஊறுகிறதா என்று சோதித்துத் தேறியதற்கு மட்டும் சான்று கொடுத்தார்கள். துணி புதிதாக இருந்தால் மட்டும் போதாது, தையல் வழியாகவும் கசியக் கூடாது.

நீங்கள் கேட்கும் கேள்விகள்

"கையுறை, பஞ்சு எல்லாம் வெளியில வாங்கிட்டு வரச் சொன்னா என்ன செய்யறது?"

அரசு ஆஸ்பத்திரியில் பிரசவத்துக்கு வேண்டிய மருந்தும் பொருள்களும் இலவசம். 2011 முதல் ஜனனி சிசு சுரக்ஷா திட்டத்தில் இது உங்கள் உரிமை. யாராவது வாங்கி வரச் சொன்னால் மருத்துவ அலுவலரிடம் சொல்லுங்கள். 104 என்ற எண்ணுக்கும் போன் செய்யலாம்.

"புதுசு போட்டாங்களான்னு கேட்டா கோவிச்சுக்க மாட்டாங்களா?"

பணிவாகக் கேட்டால் யாரும் கோபிக்க மாட்டார்கள். "சிஸ்டர், புதுக் கையுறைதானே?" என்று கேளுங்கள். நல்ல நர்ஸ் உறையைப் பிரித்துக் காட்டுவார். கடையில் எண்ணெய் வாங்கும்போது சீல் இருக்கிறதா என்று பார்க்கிறோம், உயிர் விஷயத்தில் கேட்பதற்கு என்ன வெட்கம்?

"எனக்கு ரப்பர் பட்டா உடம்பு தடிக்குது, என்ன செய்யறது?"

சிலருக்கு ரப்பர் பால் ஒத்துக்கொள்ளாது. பலூன் ஊதினால் உதடு வீங்குவது, ரப்பர் பட்ட இடம் அரிப்பது இருந்தால் கர்ப்பப் பரிசோதனைக்குப் போகும்போதே சொல்லிவிடுங்கள். வேறு பொருளில் செய்த கையுறைகளும் உண்டு.

"லூப் போடும்போதும் ஆபரேஷன் பண்ணும்போதும் இதெல்லாம் உண்டா?"

கட்டாயம் உண்டு. லூப் கருப்பைக்குள் போகிறது. கிருமியும் கூடவே போய்விடக் கூடாது. பெண்களுக்கான ஆபரேஷனானாலும், ஆண்களுக்கான கத்தியில்லாக் கருத்தடையானாலும், ஒவ்வொருவருக்கும் புதிய கையுறை, கிருமி நீக்கிய கருவி, சுத்தமான அறை வேண்டும்.

"நிரோத்தும் கையுறையும் ஒண்ணா?"

இரண்டும் பெரும்பாலும் ஒரே ரப்பர் பாலில் செய்யப்படுபவைதான். இரண்டும் இருவரையும் காப்பவை. 1968 முதல் நிரோத் நம் கிராமங்களுக்கு வந்துகொண்டிருக்கிறது. கர்ப்பத்தைத் தள்ளிப்போடுவதோடு, எச்.ஐ.வி. போன்ற நோய்கள் கணவன் மனைவிக்குள் பரவாமலும் அது தடுக்கிறது. இரண்டுக்கும் பொதுவான விதிகளும் உண்டு. ஒருமுறைக்கு மேல் கூடாது. தேங்காய் எண்ணெய் போன்ற எண்ணெய் பட்டால் ரப்பர் பலமிழந்து கிழியும். வெயிலில் வைக்கக் கூடாது. தேதி முடிந்ததைப் பயன்படுத்தக் கூடாது.

கணவர்மார்களுக்கு

பிரசவம் பெண்கள் விஷயம் என்று திண்ணையில் உட்கார்ந்துவிடாதீர்கள். உங்களுக்கும் வேலை இருக்கிறது. மனைவிக்கு டெட்டனஸ் தடுப்பூசி போட்டாயிற்றா என்று அட்டையைப் பாருங்கள். தாய் சேய் டெட்டனஸை நம் நாடு 2015இல் ஒழித்துக்கட்டியது என்றால், அதற்கு அந்த ஊசியும் சுத்தமான பிரசவமும்தான் காரணம். வலி கண்டவுடன் 108க்குப் போன் செய்யுங்கள். துவைத்து வெயிலில் காய்ந்த துணிகளைத் தனிப் பையில் எடுத்து வையுங்கள்.

பிரசவ அறையில் துணைக்கு நிற்கும் மாமியாரோ தாயாரோ சுத்தமான உடை உடுத்தி, கை கழுவி, வெளிச்செருப்பை விட்டுவிட்டுப் போக வேண்டும். அவர்களுக்குச் சளியோ காய்ச்சலோ இருந்தால் வேறு ஒருவரை அனுப்புங்கள். உள்ளே இருப்பவர்கள் கவுன் கொடுத்தால் மறுக்காமல் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். பிள்ளையைப் பார்க்கும் ஆசையில் ஊரே வார்டுக்குள் நுழைந்தால், நர்ஸம்மா போட்ட கையுறைக்கும் முகக்கவசத்துக்கும் அர்த்தமில்லாமல் போய்விடும். ஒருவர் ஒருவராகப் போங்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு

வீட்டில் கவுனும் தொப்பியும் தேவையில்லை. சோப்பும் தண்ணீரும் போதும். குழந்தையைத் தூக்குவதற்கு முன், பால் கொடுப்பதற்கு முன், மலம் துடைத்த பின், கக்கூசுக்குப் போய்வந்த பின் கை கழுவுங்கள். தொப்புளில் சாம்பல், மஞ்சள், எண்ணெய், சாணம் எதுவும் வைக்காதீர்கள். காய்ந்து தானாக விழட்டும். தாய்க்குச் சளி, இருமல் இருந்தாலும் பால் கொடுப்பதை நிறுத்த வேண்டாம். மூக்கையும் வாயையும் மூடி முகக்கவசம் கட்டிக்கொண்டு கொடுக்கலாம். முகக்கவசத்தைக் குழந்தைக்குப் போடக் கூடாது, மூச்சு முட்டும்.

தாயின் ரத்தம் பட்ட துணியைத் துவைப்பவர் கையில் வெட்டுக்காயம் இருந்தால் கையுறை போட்டுக்கொள்ளட்டும். கையுறை இல்லாவிட்டால் பொத்தல் இல்லாத பிளாஸ்டிக் பையைக் கையில் மாட்டிக்கொண்டு எடுக்கலாம். அப்புறம் கை கழுவ மறக்க வேண்டாம்.

கீழ்க்கண்ட அறிகுறிகளில் ஒன்று இருந்தாலும் நாளைக்குப் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

தாய்க்கு: காய்ச்சல், குளிர் நடுக்கம், அடிவயிற்று வலி, நாற்றத்துடன் உதிரப்போக்கு, அதிக ரத்தப்போக்கு, தையலில் சீழ்.

குழந்தைக்கு: பால் குடிக்காமல் இருப்பது, உடம்பு கொதிப்பது அல்லது சில்லென்று ஆவது, தொப்புளைச் சுற்றிச் சிவப்பு அல்லது சீழ், வலிப்பு, மூச்சிரைப்பு.

நினைவில் வையுங்கள்

1. கையுறை உங்களையும் காக்கிறது, நர்ஸையும் காக்கிறது, அடுத்தவரையும் காக்கிறது.

2. ரத்தம் படும் வேலை என்றால் யாராக இருந்தாலும் கையுறை உண்டு. உங்களுக்கு மட்டும் போடவில்லை.

3. ஒருவருக்கு ஒரு ஜோடி. ஒருவரைத் தொட்டது இன்னொருவரைத் தொடக் கூடாது.

4. உறை போட்டாலும் முன்னும் பின்னும் கை கழுவ வேண்டும்.

5. அரசு ஆஸ்பத்திரியில் பிரசவத்துக்குக் கையுறை இலவசம்.

6. சந்தேகம் இருந்தால் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

அடுத்தமுறை ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகும்போது, கணவனும் மனைவியும் சேர்ந்தே போங்கள். பிரசவ அறையில் கை கழுவும் இடம் எங்கே, சிவப்பு வாளியும் மஞ்சள் வாளியும் எங்கே என்று கிராம சுகாதார செவிலியரிடம் கேட்டுப் பார்த்து வாருங்கள். முன்பே பார்த்து வைத்த இடத்தில் வலி நேரத்தில் பயம் குறைவாக இருக்கும்.

இதைப் படித்து முடித்ததும் பக்கத்து வீட்டில் உள்ள கர்ப்பிணிக்குக் கொடுங்கள். படிக்கத் தெரியாதவர்களுக்குப் படித்துக் காட்டுங்கள்.

சுத்தமான கை, சுகமான தாய், சிரிக்கும் சேய்!